அழுவதற்கு ஒரு குரல் வேண்டும்

2016ஆம் ஆண்டின் பிற்பகுதி தமிழர்களுக்குத் தொடர்ச் சாவுக் காலமாக இருந்தது. ஆகஸ்டு 14இல் நா. முத்துக்குமார் போனார். நவம்பர் 22இல் பாலமுரளி கிருஷ்ணா. டிசம்பர் 5இல் ஜெயலலிதா, இரண்டே நாளில் சோ. இவற்றுக்கு நடுவே, அக்டோபரில், எங்கள் கெடாவின் பீடோங்கில் பிறந்த ரெ. கார்த்திகேசு காலமானார். ஐந்து நாவல்கள், நிறைய சிறுகதைகள், விமர்சனங்கள் எழுதியவர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புத் துறைப் பேராசிரியர்.

கோலா கெத்திலில் ஜெயலலிதா செத்த அன்று ஒட்டுக்கடைகளில் தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது. எல்லார் கண்ணும் தொலைக்காட்சிமேல். இந்த நாட்டில் ஓட்டுப் போடும் கிழவர்கள் அடுத்த முதலமைச்சர் யார் என்று சண்டை போட்டார்கள். கார்த்திகேசு இறந்த செய்தியை நான் சொன்னபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் "ஐயோ, எப்போ?" என்றார். மற்றவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டினார்கள்.

இந்த இடத்தில் வழக்கமான பேச்சு ஒன்று உண்டு. நம் இலக்கிய மேடைகளில் அதைப் பேசிக் கைதட்டு வாங்காதவர்கள் குறைவு. "நடிகன் செத்தா ஒப்பாரி, எழுத்தாளன் செத்தா கொட்டாவி. இதுதான் இந்தச் சமுதாயம்!" பேசி முடித்துவிட்டு மீ கோரேங் சாப்பிடப் போய்விடுவார்கள். எனக்கு இந்தப் பேச்சு சோம்பேறித்தனமாகப் படுகிறது. அழுகிறவர்களை நாலு வார்த்தை திட்டுவது சுலபம். அவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்று கேட்பதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

2020 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை பிற்பகல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் இறந்த செய்தி வந்தது. எங்கள் தாமானில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய அக்கா ஒருவர் இருக்கிறார். வாசற்படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். "அவரு பாட்ட கேட்டுட்டுத்தான் தம்பி எங்க வீட்டுக்காரரு மோட்டார எடுப்பாரு. விடியக்காலைல பெரட்டுக்குப் போவும்போது அந்தப் பாட்டுத்தான் வாயில ஓடிட்டு இருக்கும்." புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது. அவருக்கு அன்றைக்கு எத்தனை பேர் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவருக்கும் சேர்த்து அழுகை நடந்தது.

வானொலி நம் தோட்டங்களில் என்ன செய்தது என்று யாராவது முழுசாக எழுத வேண்டும். மின்னல் எஃப்எம் ஆவதற்கு முன் அது அலைவரிசை ஆறு. பாட்டு விரும்பிக் கேட்டு அஞ்சலட்டை போட்டால் அறிவிப்பாளர் பெயர் வாசிப்பார், தோட்டத்தின் பெயரையும் சேர்த்து வாசிப்பார். கிராணி சம்பளப் பட்டியலில் எழுதும் பெயர், தண்டல் கூப்பிடும் பெயர், இவை தவிர ஒரு தொழிலாளியின் பெயர் பொதுவில் ஒலித்த இடம் அது ஒன்றுதான். உடனே பின்னால் பாலுவின் குரல் வரும். பெயரும் குரலும் இப்படி ஒட்டிக்கொண்டன. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, ஆட்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். குரல் மட்டும் ஒலிநாடாவில், பிறகு குறுந்தட்டில், பிறகு கைப்பேசியில் கூடவே வந்தது. அந்தக் குரல் நின்றபோது மக்கள் அழுதது, இடிந்த லயத்துக்கும் சேர்த்துத்தான். இதைச் சினிமா மோகம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா?

அதே மேடைகளில் இன்னொரு உதாரணமும் தவறாமல் வரும்: 1921இல் பாரதியின் இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததை ஏன் சொல்வதில்லை? பாரதியைத் தமிழன் மறக்காமல் போனது குற்ற உணர்ச்சியால் அல்ல. பாட்டாக இருந்ததால். மேடைக் கச்சேரியில் பாடினார்கள், இசைத்தட்டில் வந்தது, 1947இல் ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்தில் வந்தது. இசைத்தட்டு உரிமை மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்ததும், 1949இல் சென்னை அரசு பாரதியின் படைப்புரிமையை வாங்கியதும், பின்னர் அது எல்லாருக்கும் பொதுவானதும் தெரிந்த கதை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று ஆன பிறகுதான் பீடோங் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வாய்க்கும் பாரதி வந்தார். இருபது பேர் கணக்கைவிட இந்தக் கணக்கு முக்கியம்.

சிலர் ஊர்வலம் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது தீக்குளித்தும் விஷம் குடித்தும் சுமார் 30 பேர் உயிரை விட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த 30 பேரில் ஒருவர் பெயரையாவது இன்று யாரும் சொல்ல முடியுமா? துக்கத்தின் அளவு வேறு, நினைவின் ஆயுள் வேறு.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 1947இல் இதே கெடாவில், கோலா கெத்திலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பீடோங், ஹார்வர்ட் தோட்டப் பக்கம், ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை இருந்தது. கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள், வேலை நிறுத்தம் செய்தார்கள், போலீஸிடம் அடிபட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1949 மே 4இல், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தப் பெயர்கள் எங்கள் வீடுகளில் எப்படி மறைந்தன என்பதற்கு அவசரகாலம் ஒரு பெரிய காரணம். பெயரைச் சொல்வதே ஆபத்து என்றிருந்த காலம். பயத்தில் அப்பாக்கள் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

2016 ஜூலையில் 'கபாலி' வந்தது. படத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் புகார் உண்டு. துப்பாக்கிச் சத்தம் அதிகம், நம் ஊர்ப் பேச்சு பாதி இடத்தில் சரியில்லை. ஆனாலும் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போராடிச் சாகும் தமிழ்நேசனாக நாசர் வந்துபோன பிறகு, படிவம் நான்கு படிக்கும் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், இதெல்லாம் நெசமாவே இங்க நடந்துச்சா?" தொண்டர் படையைப் பற்றி வகுப்பில் பேசுவதற்கு அத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி அது. ரஜினியின் முகம் இல்லாமல் அந்தக் கேள்வி வந்திருக்காது. இது வெட்கப்பட வேண்டிய விஷயமா என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை. வெட்கம் என்றால் அது பையனுடையது அல்ல. அத்தனை காலம் அவன் கைக்கு எதுவும் கொடுக்காத எங்களுடையது.

ஒரு காலத்தில் ஏதாவது கொடுத்தோமா என்று பார்க்க, கார்த்திகேசு இறந்தபோது புலனக் குழுக்களிலும் முகநூலிலும் வந்த அஞ்சலிகளைத் திரும்ப எடுத்து வாசித்தேன். என் கண்ணில் பட்டவற்றில் முக்கால்வாசி ஒரே அச்சு. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு.' பேராசிரியர் பதவி, விருதுகள், நூல் எண்ணிக்கை, பிறகு அவரோடு தான் எடுத்துக்கொண்ட படம். படத்தில் எழுதியவரின் முகம் பெரிதாக இருக்கும். ஒரு கதையின் பெயரைச் சொல்லி, அதில் இன்ன இடத்தில் இன்னது நடக்கிறது என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். எஸ்.பி.பி. இறந்தபோது அந்த அக்காவுக்கு ஒரு குறிப்பிட்ட பாட்டு இருந்தது, ஒரு குறிப்பிட்ட விடியற்காலை இருந்தது. நம் இலக்கியவாதிகளிடம் கார்த்திகேசுவின் ஒரு குறிப்பிட்ட பக்கம் இல்லை. இந்த ஒப்பீட்டில் யாருடைய துக்கம் ஆழமானது?

கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' நாவலை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய் வந்த ஒரு முதியவரையும் அவர் குடும்பத்தையும் வைத்து, சாவை நேருக்கு நேர் பார்க்க முயன்ற நாவல். முதலில் வாசித்தபோது எனக்கு அது ஒட்டவில்லை. நான் பார்த்த சாவுகள் வேறு. தோட்டத்தில் ஒருவர் செத்தால் பறை வரும், ஒப்பாரி வரும், தண்ணி வரும், பங்காளிச் சண்டை வரும். இரவு முழுக்கச் சீட்டாட்டம் நடக்கும். இந்த நாவலின் துக்கம் மருத்துவமனை வெளிச்சத்தில், தணிந்த குரலில், படித்தவர் வீட்டு நாகரிகத்தோடு நடக்கிறது. விளக்கம் சொல்லும் வழக்கமும் அவருக்குக் கொஞ்சம் அதிகம். இவர் நம்மவரா என்றுகூட யோசித்தேன்.

இப்போது திரும்ப வாசிக்கும்போது அந்தக் குறையே வேறு மாதிரித் தெரிகிறது. இன்று எங்கள் தாமானில் சாவு அப்படித்தான் நடக்கிறது. மருத்துவமனையில் உயிர் போகிறது, ஈமச்சடங்கு நிறுவனம் வண்டி அனுப்புகிறது, மின்சுடலையில் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். அழுவதற்கு ஆள் இருக்கிறது, அழுகைக்கு வடிவம் இல்லை. ஒப்பாரி தெரிந்த கடைசிப் பாட்டிகளும் போய்விட்டார்கள். வடிவம் போன பிறகு வரும் தனிமையைத்தான் அவர் எங்களுக்கு முன்னமே எழுதிவிட்டார் என்று தோன்றுகிறது. அஞ்சலி எழுதினால் இதை எழுதலாம். இதோடு சண்டையும் போடலாம். 2005இல் சுந்தர ராமசாமி இறந்ததும் ஜெயமோகன் 'நினைவின் நதியில்' எழுதினார். அவசரம் என்றார்கள், உரிமை மீறல் என்றார்கள். ஆனால் அந்தச் சண்டையால் சு.ரா.வைத் தேடி வாசித்தவர்களை எனக்குத் தெரியும். நம்மூரில் செத்தவரோடு சண்டை போட்டால் பாவம் என்று நினைக்கிறோம். அதனால் அவரைச் சும்மா விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. அந்த நாவலைக் கேட்டு வரும் ஒருவருக்கு நான் எந்தக் கடையைக் காட்டுவது? சுங்கைப் பட்டாணியில் பூஜைச் சாமானும் நாட்காட்டியும் விற்கும் கடைகளில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாலுவின் பாட்டு அதே கடை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

சில வருஷங்களுக்கு முன் வேறொரு எழுத்தாளருக்கான இரங்கல் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பேச வேண்டாம், அவர் சிறுகதை ஒன்றைச் சத்தமாக வாசிக்கிறேன், இருபது நிமிஷம்தான் ஆகும் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். அவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். "நல்ல யோசனைதான் சார். ஆனா ஒம்போது பேரு பேசணும், அப்புறம் மாலை போடணும். நேரம் பத்தாது."