அருவ இலக்கணமும் உருவ இலக்கணமும்: பன்மொழிப் பெயர்ப்புக் கருவியொன்று பற்றிய நோக்கு

சொல்லுக்குச் சொல் வைப்பது மொழிபெயர்ப்பாகாது என்பது மொழிபெயர்ப்பாளர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. எனினும் பொறியைக் கொண்டு மொழிபெயர்க்க முற்பட்ட முன்னோடிகளுட் பலர் அகராதியையே தொடக்கமாகக் கொண்டனர். இதற்கு மாறாக, பொருளைத் தொடக்கமாகக் கொண்ட முயற்சிகளுள் ஒன்று ‘கிரமற்றிக்கல் பிரேம்வேர்க்’, அதாவது இலக்கணச் சட்டகம், எனப்படும் கணினி நிரல்மொழியாகும். பின்லாந்தைச் சேர்ந்த ஆர்னே ரான்ரா, 1998 ஆம் ஆண்டில் பிரான்சின் கிறனோபிள் நகரிலிருந்த செரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் இதனைத் தொடங்கினார். பின்னர் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் இது வளர்ச்சியுற்றது. இதனை விரிவாக விளக்கும் அவரது நூல் 2011 இல் வெளிவந்தது.

இலக்கணத்தை இரு கூறாகப் பிரித்தமையே இக்கருவியின் அடிப்படை. எப்பொருள்களைக் கூறலாம், அவை எவ்வாறு ஒன்றோடொன்று சேரலாம் என வரையறுப்பது அருவ இலக்கணம். அப்பொருள்கள் குறித்த ஒரு மொழியில் எவ்வடிவம் பெறும் எனக் கூறுவது உருவ இலக்கணம். அருவ இலக்கணம் ஒன்றே; உருவ இலக்கணமோ மொழிக்கு ஒன்று. ஒரு மொழியின் வாக்கியத்தைப் பகுத்து அருவ வடிவத்தைப் பெறுதலும், அவ்வடிவத்தை மற்றொரு மொழியின் வாக்கியமாக ஆக்குதலுமே இங்கு மொழிபெயர்ப்பாகும். பத்து மொழிகளுக்கிடையே இருவழியும் மொழிபெயர்க்கத் தொண்ணூறு தனித்தனி ஏற்பாடுகள் வேண்டியதில்லை. பத்து உருவ இலக்கணங்கள் போதும்.

தொடங்குவோருக்கான முதற்பாடம் மிக எளியது. ‘வாழ்த்து’, ‘வாழ்த்தப்படுவோர்’ என இரு வகைகள். வாழ்த்தப்படுவோரைப் பெற்று வாழ்த்தைத் தரும் ஒரு விதி. உலகம், அம்மா, நண்பர்கள் என மூன்று பொருள்கள். அருவ இலக்கணம் இவ்வளவே. ஆங்கிலத்திற் பகுக்கப்பட்ட ‘ஹலோ வேர்ல்ட்’ பின்னிஷ் மொழியில் ‘தெர்வே மாயில்மா’ எனவும், இத்தாலியத்தில் ‘சாவோ மொண்டோ’ எனவும் வெளிப்படும். இரு சொற்களை அடுத்தடுத்து வைத்தலே இங்கு இலக்கணமாகிறது.

இவ்வெளிமை நீடிப்பதில்லை. உணவு பற்றிய அடுத்த பாடத்தில் ‘இந்த வைன் சுவையானது’, ‘இந்தப் பீட்சா சுவையானது’ என்னும் பொருள்கள் வருகின்றன. இத்தாலியத்தில் வைன் ஆண்பால்; பீட்சா பெண்பால். ஆகவே முன்னதற்கு ‘தெலிசியோசோ’ எனவும் பின்னதற்குத் ‘தெலிசியோசா’ எனவும் அடைச்சொல் திரிகிறது. சுட்டும் உடன் திரிகிறது. இனிச் சொல் தனியொரு எழுத்துக்கோவையாக நிற்க இயலாது. தன் பாலையும் எண்ணையும் உடன்கொண்ட அட்டவணையாகவே நிற்கவேண்டும். பால் என்பது இத்தாலியத்தின் உருவ இலக்கணத்துள் அடங்கிவிடுகிறது. அருவ இலக்கணம் அதனை அறியவேண்டியதில்லை. கருவியின் சிறந்த கூறு இதுவே எனலாம்.

தமிழைக் கொண்டு நோக்கின், முதற்பாடமே இச்சிக்கலைத் தன்னுட் கொண்டிருத்தல் புலனாகும். ‘வணக்கம் நண்பர்கள்’ என்பது வாழ்த்தாகாது. ‘வணக்கம் நண்பர்களே’ என விளியேற்க வேண்டும். வாழ்த்து மாத்திரமே உள்ள இலக்கணத்தில் ‘நண்பர்களே’ என்றே எழுதி வைக்கலாம். ‘நண்பர்கள் வந்தார்கள்’ என அதே பெயர் எழுவாயாகும் போது அது பிழையாகிவிடும். வேற்றுமை அட்டவணையின் தேவையைத் தமிழ் மாணவர் முதல் நாளிலேயே உணர்வர்.

ஆயின் எல்லா வேறுபாடுகளும் உருவ இலக்கணத்துள் அடங்குவனவல்ல. இக்கருவியுடன், முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளின் அடிப்படை இலக்கணங்களைக் கொண்ட பொது நூலகம் ஒன்றும் உண்டு. இந்தி, உருது, பஞ்சாபி, நேபாளி ஆகியனவும் அதில் அடங்கும். அதன் பொது அருவ இலக்கணம் முன்னிலைக்கு மூன்று இடங்களை ஒதுக்கியுள்ளது: ஒருமை, பன்மை, மரியாதை. ஆங்கிலத்தில் இம்மூன்றும் ‘யூ’ என்பதே. எனவே அதனைப் பகுக்கும் போது மூன்று விடைகள் கிடைக்கும். தெரிவு மனிதரைச் சாரும். ஐரோப்பிய மொழிகளுக்கு இவ்வமைப்பு நன்கு பொருந்தும். யாழ்ப்பாணப் பேச்சில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடையே நிற்கும் ‘நீர்’ எவ்விடத்திற் சேரும்?

தன்மைப் பன்மையின் நிலை இன்னும் கவனத்திற்குரியது. அதற்குப் பொது நூலகத்தில் உள்ளது ஓரிடமே. தமிழோ கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என இரண்டு கொண்டது. ‘இக்கட்டடத்தை விட்டு நாம் வெளியேறவேண்டும்’ என்னும் எச்சரிக்கை ‘நாங்கள் வெளியேறவேண்டும்’ என மாறிவிடின், கேட்பவர் அது தமக்கன்று எனக் கருதி உள்ளேயே இருந்துவிடலாம். இலக்கணப் பிழை எதுவுமற்ற அவ்வாக்கியத்திற் பொருள் பிழைத்துவிடுகிறது. இதனை உருவ இலக்கணத்தால் திருத்த இயலாது; அருவ இலக்கணத்தில் இல்லாத வேறுபாட்டை அது எங்கிருந்து பெறும்?

இக்குறையை நீக்கும் வழியும் கருவியிலேயே உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரு துறைக்கென இலக்கணம் எழுதுவோர் பொது நூலகத்தின் அருவ இலக்கணத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. தமக்குரிய அருவ இலக்கணத்தைத் தாமே அமைக்கலாம். உளப்பாட்டையும் உளப்படாமையையும் அதில் இரு பொருள்களாக வைப்பின், தமிழில் அவை பிரிந்தும் ஆங்கிலத்தில் ஒன்றாகியும் வெளிப்படும். ஆங்கிலத்தை முதலில் எழுதிப் பின்னர் தமிழைப் பொருத்த முனைவோருக்கு இவ்வேறுபாடு தோன்றாமலே போகலாம். தமிழையும் உடன்வைத்துத் தொடங்குவோருக்கு அது தவறாது தோன்றும்.

பெருந்தொகையான நூற்பகுதிகளிலிருந்து தாமே பயிலும் இன்றைய மொழிபெயர்ப்புப் பொறிகளின் பரப்பு இக்கருவிக்கு இல்லை. எழுதப்பட்ட எல்லைக்கு அப்பால் இது ஒரு வாக்கியத்தையும் பகுக்காது. அவ்வெல்லைக்குள் ஒவ்வொரு விடைக்கும் காரணமான விதியைச் சுட்டிக்காட்டலாம். மருந்துக் குறிப்பு, எச்சரிக்கைப் பலகை, அலுவலகப் படிவம் போன்ற குறுகிய துறைகளில் அப்பண்பு பெருமதிப்புடையது. மொழிகளுக்குப் பொதுவானது எனப்படும் அருவ இலக்கணம் இயற்கையாகக் கிடைப்பதன்று. யாரோ சிலர், தாம் அறிந்த மொழிகளை முன்வைத்து, எழுதுவது. அதனை எழுதும் வேளையில் தமிழறிந்தோர் உடனிருந்தாலன்றி, ‘நாம்’ என்னும் சொல்லுக்கு அங்கு இடம் கிடைக்கும் என எதிர்பார்த்தல் அரிது.