அவை கூட்டும் சொல்லா, அவை கலைக்கும் சொல்லா?

மன்னர்க்கு மட்டுமா வரலாறு? சொல்லுக்கும் வரலாறு உண்டு. கல்வெட்டிலே அது இராது. மக்கள் நாவிலே இருக்கும். ஆங்கில மொழியிலே 'மூட்' என்று ஒரு சிறு சொல். உருவிலே சிறிது, ஆனால் ஒன்றோடொன்று ஒவ்வாத இரு பொருள்களைச் சுமந்து நிற்பது. "இது மூட் பிரச்சினை" என்று இலண்டன் வழக்கறிஞர் உரைத்தால், "இன்னும் முடிவு காணாதது, வாதிடத் தக்கது" என்பதே பெரும்பாலும் பொருள். அதே தொடரை நியூயார்க் வழக்கறிஞர் உரைத்தால், "இனிப் பேசிப் பயனில்லை" என்பது பொருள். மொழி ஒன்று, சொல் ஒன்று. எனினும் ஓரிடத்தில் அது அவையைக் கூட்டுகிறது, மற்றோரிடத்தில் அவையைக் கலைக்கிறது!

எப்படி நேர்ந்தது இந்த முரண்?

பழைய ஆங்கிலத்திலே இச்சொல்லுக்குக் 'கூட்டம்' என்பதே பொருள். சந்திப்பதைக் குறிக்கும் 'மீட்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆங்கிலோ-சாக்சன் காலத்திலே, 'ஹண்ட்ரட்' எனப்பட்ட சிறு வட்டாரத்தின் கூட்டம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று 10-ஆம் நூற்றாண்டுச் சட்டம் விதித்தது. 'ஷயர்' எனப்பட்ட பெருவட்டாரக் கூட்டம் ஆண்டுக்கு இருமுறை கூடியது. மண்மேடு, மரத்தடி, ஆற்றுத்துறை இவையே பல இடங்களில் மன்றங்கள். நிலத் தகராறும் திருட்டு வழக்கும் அங்கே பேசித் தீர்க்கப்பட்டன. அரசன் அருகே பெருங்குடியினரும் ஆயர்களும் அமர்ந்த அவைக்கு 'விட்டன கெமோட்', அதாவது அறிஞர் அவை, என்று பெயர். 1066-இல் நார்மானியர் வென்ற பின் அது மறைந்தது.

"ஆகா, என்னே அந்நாளைய மக்களாட்சி!" என்று மயங்கிவிட வேண்டாம். அறிஞர் அவையிலே உழவனுக்கு இருக்கை ஏது? வட்டாரக் கூட்டத்திலும் உரிமை பெற்றோர்க்கே குரல். 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பிலே, பதிவானோருள் ஏறத்தாழ 10 பேருக்கு ஒருவர் அடிமை. பழமைக்குப் பொன்முலாம் பூசும் வேலை, எந்த நாட்டார் செய்தாலும் பூச்சு வேலைதான்.

அடுத்து, சொல் சட்டக் கல்விக்குள் நுழைந்தது. லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன் முதலிய இலண்டன் சட்டச் சங்கங்களிலே, 15, 16-ஆம் நூற்றாண்டுகளில், கற்பனை வழக்கொன்றை எடுத்து, மூத்தோர் நீதிபதிகளாய் அமர, மாணவர் இரு கட்சியாய் நின்று வாதிட்டனர். அப்பயிற்சிக்கு 'மூட்' என்று பெயர். இரு பக்கமும் வாதிட இடந்தரும் கேள்வி 'மூட்' கேள்வி ஆயிற்று. இன்றும் நம் நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் மாதிரி வழக்காடு மன்றத்துக்கு அதுவே பெயர்.

திருப்பம் இங்கேதான் ஒளிந்திருந்தது. மாணவர் வாதிட்டது கற்பனை வழக்கு. அதில் வென்றாலும் தோற்றாலும் எவர் நிலமும் கைமாறாது. எவரும் சிறை செல்லார். ஆகவே 'வாதத்துக்குரியது' என்ற பொருளின் நிழலிலே 'வாதத்துக்கு மட்டுமே உரியது, வாழ்வுக்கு உதவாதது' என்ற பொருள் முளைவிட்டது. அமெரிக்காவிலே அது மரமாயிற்று. உண்மையான தகராறுகளையே நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது அந்நாட்டு அரசியல் சட்டக் கொள்கை. தகராறு மறைந்துவிட்டால் வழக்கு 'மூட்'. நீதிமன்றக் கதவு மூடப்படும். தமிழ்ச் செவிக்கு இச்சொல் 'மூடு' என்று ஒலிப்பது தற்செயலே. ஆயினும் எத்துணைப் பொருத்தம்!

இதனால் யாருக்கு என்ன கேடு என்கிறீர்களா? 1974-ஆம் ஆண்டின் தெஃபூனிஸ் வழக்கைப் பாருங்கள். சட்டக் கல்லூரிச் சேர்க்கையிலே சிறுபான்மை இனத்தாரைத் தனியே கருதி இடமளிப்பது முறையா என்பது கேள்வி. இடம் மறுக்கப்பட்ட வெள்ளை மாணவர் வழக்குத் தொடுத்தார்; கீழ்மன்ற ஆணையால் சேர்ந்து படித்தும் வந்தார். வழக்கு உச்சநீதிமன்றத்தை எட்டியபோது அவர் இறுதிப் பருவத்தில் இருந்தார். "எப்படியும் படித்து முடிப்பார், ஆகவே வழக்கு மூட்" என்று 5 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், 4 பேர் மறுத்தனர். கேள்வி செத்ததா? இல்லை! நான்கே ஆண்டில், 1978-இல், பாக்கி வழக்காய் அதே மன்றத்திலே எழுந்தது. 2023-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்காய் மீண்டும் எழுந்து, இனத்தைக் கருதும் சேர்க்கை முறையையே வீழ்த்திற்று. ஒரு மாணவரின் தகராறு முடிந்திருக்கலாம். ஒரு சமுதாயத்தின் தகராறு முடியவில்லை.

இந்த ஆபத்தை அம்மன்றமே ஓரளவு உணர்ந்திருந்தது. மீண்டும் மீண்டும் நிகழக்கூடியதாயும், தீர்ப்பு வருமுன் நழுவிவிடுவதாயும் உள்ள கேள்வியை 'மூட்' என்று தள்ளலாகாது என்பது 1911-இலேயே வகுத்த விலக்கு. 1973-இன் ரோ வழக்கிலே, கருவுற்ற காலம் முடிந்துவிட்டதால் கேள்வியும் முடிந்தது என்ற வாதம் இதனால்தான் எடுபடவில்லை. பத்து மாதத்திலே எந்த மேல்முறையீடு முடியும்? ரோ தீர்ப்பு 2022-இல் தள்ளப்பட்டது. அந்த விலக்கு மட்டும் இன்றும் நிற்கிறது.

இரண்டில் எது சரியான பொருள் என்று வகுப்பிலே மாணவர் கேட்பதுண்டு. "பழையதே சரி, புதியது பிழை" என்பர் மொழித் தூய்மையாளர் சிலர். பழையது என்பதே சரி என்பதற்குச் சான்றாகுமா? அப்படியானால் 'கூட்டம்' என்ற முதற்பொருளுக்கன்றோ திரும்ப வேண்டும்! நம் நாட்டு ஆங்கில ஏடுகளோ ஒரு திட்டத்தை முன்மொழிவதற்கே இச்சொல்லை ஆள்கின்றன. மக்கள் வழங்குவதே மொழி. வேர்ச்சொல்லை வேதவாக்காக்குவது பகுத்தறிவன்று.

ஆனால் பொருள் மாறுவது வேறு. பொருளை மறைத்து ஆள்வது வேறு. "இது மூட் பிரச்சினை" என்று ஒருவர் எழுந்தால், கேளுங்கள் தோழர்களே: வாதிடத் தக்கது என்கிறீரா, வாதிட வேண்டா என்கிறீரா? வேண்டா என்றால், தகராறு தீர்ந்ததா, தகராறு செய்தவர் களைத்தாரா? தீர்ந்திருந்தால் கலைந்து செல்வோம். களைத்ததுதான் காரணம் என்றால், அவையை மீண்டும் கூட்டுவோம். அதுதானே அச்சொல்லின் முதற்பணி!