எத்தனை கட்டை?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் முக்கியப் பாட்டு எது என்பது முன்பே முடிவானது. எல்லாம் சுவாதித் திருநாள் கிருதிகள்: முதல் நாள் சங்கராபரணம், நான்காம் நாள் தோடி, ஐந்தாம் நாள் பைரவி, கடைசியில் ஆரபி. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். கைதட்டல் கிடையாது. இவ்வளவும் தீர்மானமான இடத்தில், சுருதியை மட்டும் பாடுபவர் தம் தொண்டையைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

சுருதியின் உயரத்தைக் கட்டையில் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள். பெண்களுக்கு நாலரை, ஐந்து, ஐந்தரை. 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் முதல் பெண்ணாக அங்கே பாட அமர்ந்த பிறகு, அதே கிருதிகள் பெண் சுருதியிலும் ஒலிக்கத் தொடங்கின. பாடகருக்கு இது இயல்பு. பக்கத்தில் இருக்கும் வாத்தியங்களுக்குத்தான் வேலை.

வயலினில் தந்தியின் நீளம் மாறாததால் விரல் விழும் இடங்களும் மாறா, முறுக்கம்தான் மாறும். ஒரு கட்டைக்குத் தந்தி தளரும், மந்தரத் தந்தி கொஞ்சம் கொழகொழவென்று ஆகும். அதற்கென்றே சிலர் தடித்த தந்தி போடுவார்கள். என் காதுக்குத் தோடியின் காந்தார அசைவு அந்தத் தளர்வில்தான் பிரமாதம். ஆரபிக்கு ஐந்து கட்டையின் விறைப்பு பொருந்தும்.

புல்லாங்குழல்காரர் சுருதிக்கொரு குழல் வைத்திருப்பார். கடம் வாசிப்பவர் பானையையே மாற்றுவார். மிருதங்கத்தின் கதை வேறு. வலப்பக்க முகமான வலந்தலையைக் கல்லால் தட்டி அரைக் கட்டை கூட்டலாம், குறைக்கலாம். அதற்குமேல் போனால் நாதம் செத்துவிடும். ஆகவே ஆண் சுருதிக்குப் பெரிய தக்கு மிருதங்கம், பெண் சுருதிக்குச் சிறிய ஹெச்சு. இந்த மண்டபத்தில் தானத்துக்கும் மிருதங்கம் உண்டு என்பதால் பொருத்தம் இன்னும் கூர்மையாகத் தெரியும். தாளமில்லாத அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் ஷட்ஜத்தைச் சொல்லிக்கொண்டே போகும். வலந்தலை மயிரிழை இறங்கினாலும் குரலுக்குக் கீழே முள்ளாய்க் குத்தும்.

மேல் ஸ்தாயி பளிச்சென்று கேட்க அரைக் கட்டை ஏற்றிவிட்டு, அங்கே எட்டமுடியாமல் திணறும் பாடகர்களைக் கேட்டிருக்கிறேன். பைரவியின் சுகம் பாதி மந்தரத்தில் இருக்கிறது. அதற்குக் கட்டையை இறக்கி வைத்துக்கொள்பவரே என் கட்சி.

அடுத்த நவராத்திரிக்குப் போகிறவர்கள் சற்று முன்னதாகவே போய் உட்காருங்கள். வயலினும் மிருதங்கமும் தம்புராவோடு சேரும் அந்தச் சில நிமிடங்களில் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.