தலைப்பு எங்கிருந்து வருகிறது? மயிலை சீனி. வேங்கடசாமியை முன்வைத்து

புதிதாக ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "எழுத ஆசைதான் சார், ஆனா எதைத் தொட்டாலும் யாரோ ஏற்கெனவே எழுதிட்டாங்களே." இதற்கு இரண்டு மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, "தனித்துவமா எழுதுங்க" என்கிற உபதேசம். ஒல்லியாக இருப்பவனிடம் குண்டாகு என்று சொல்வது போலத்தான் அது. இன்னொன்று, பழைய விஷயத்தையே எடுத்து அதன் நெற்றியில் "மறைக்கப்பட்ட" என்றோ "அறியப்படாத" என்றோ ஒட்டிவிடுவது. அது நன்றாக விற்கிறது, அதனால் யாரும் நிறுத்தப் போவதில்லை.

இந்த இரண்டையும் விட எனக்கு உதவியது 1959இல் வந்த ஒரு புத்தகம்: மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்'. எழுதுவதைப் பற்றி அதில் ஒரு அறிவுரையும் கிடையாது. ஆனால் ஒரு ஆள் தனக்கான பொருளை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கே அவர் சறுக்குகிறார் என்பதற்கும் பாடம் அவரிடமே இருக்கிறது, வேறு புத்தகங்களில்.

அவர் (1900–1980) பல்கலைக்கழக ஆசாமி இல்லை. மயிலாப்பூர்க்காரர், ஓவியப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தவர், பிழைப்புக்குத் தொடக்கப்பள்ளி வாத்தியார். பள்ளிக்கூட வேலை போக மீதி நேரத்தில்தான் ஆராய்ச்சி. பகலில் கோட் எழுதிவிட்டு ராத்திரி கல்வெட்டுத் தொகுதி புரட்டும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு விவரமே அவர் மேல் தனி ஒட்டுதலைக் கொடுத்துவிடும். ஆனால் ஒட்டுதலுக்காக மட்டும் இதை எழுதவில்லை.

1959இல் தமிழ் ஆராய்ச்சி எப்படி இருந்தது என்று பாருங்கள். உ.வே.சா. காலமாகி 17 வருஷம். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம், "அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாம் சரி, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா" என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதன் பலன் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில். பிறகு புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக. மற்றவர்கள் நற்றிணை, அகநானூறு என்று போட்டு, 1920கள் முடிவதற்குள் எட்டுத்தொகை முழுக்க அச்சேறிவிட்டது. பெரிய சுவடிகளைக் கண்டுபிடிக்கும் காலம் அநேகமாக முடிந்துபோயிற்று. வையாபுரிப்பிள்ளையும் 1956இல் போய்விட்டார். தாமதமாக வந்தவன் இலையைப் போட்டு உட்கார்ந்தால் ரசம்தான் மிஞ்சியிருக்கும் என்கிற நிலைமை. சுவடி கிடையாது, அதைத் தேடி ஊர் ஊராகப் போகப் பணமும் விடுப்பும் கிடையாது.

இந்த இடத்தில்தான் அவர் ஒரு எளிய காரியம் செய்தார். எல்லோரிடமும் இருந்த அதே அச்சுப் புத்தகங்களை எடுத்து வேறு கேள்வியோடு படித்தார். நச்சினார்க்கினியர் என்ன பொருள் சொல்கிறார் என்று பார்க்கத்தான் எல்லோரும் உரையைத் திறப்பார்கள். இவர், நச்சினார்க்கினியர் தன் மேஜையில் எந்தப் புத்தகத்தை வைத்திருந்தார், அது இப்போது எங்கே என்று பார்த்தார். உரையாசிரியர்கள் போகிற போக்கில் பெயர் சொல்கிற நூல்கள், மேற்கோளாகக் காட்டும் பாட்டுகள், யாப்பருங்கல விருத்தி உதாரணத்துக்கு எடுத்துப்போடும் செய்யுள்கள். இவற்றில் இன்று முழுதாகக் கையில் இல்லாதவை எவை? அந்தப் பட்டியல்தான் புத்தகம். அகப்பொருள், புறப்பொருள், இசை, நாடகம், இலக்கணம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர், யார் சொன்னார், எந்த இடத்தில், மிஞ்சிய வரிகள் என்ன என்று போட்டுக்கொண்டே போகிறார்.

எங்கள் தொழிலில் இதற்குச் சமமான ஒன்று உண்டு. ஒரு பழைய புரோகிராமைக் கம்பைல் செய்தால், "இந்த ஃபைல் வேண்டும், காணவில்லை" என்று ஒரு நீளமான பட்டியல் வரும். எரிச்சலோடு அதை மூடிவிடுவோம். அந்த எர்ரர் பட்டியலையே உட்கார்ந்து ஒழுங்காகத் தொகுத்தால், ஒரு காலத்தில் அந்த சிஸ்டம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்துவிடும்.

இந்தப் புத்தகத்தின் புதுமை பொருளில் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. "தொலைந்துபோன நூல்கள்" என்பது மேடைப் பேச்சாளர்களுக்கு அதற்கு முன்பே பிடித்த பொருள். கடல் கொண்டது, தீ தின்றது, கரையான் அரித்தது என்று அழுதுவிட்டுக் கைதட்டு வாங்கலாம். வேங்கடசாமி அந்தப் பொருளுக்கு ஒரு வாசற்படி கட்டினார். யாராவது ஒரு பழைய ஆசிரியர் பெயர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது வரி காட்டியிருக்க வேண்டும். அந்தச் சாட்சி இருந்தால்தான் உள்ளே அனுமதி. இந்தக் கட்டுப்பாடுதான் அதைப் புலம்பலிலிருந்து ஆராய்ச்சியாக மாற்றுகிறது.

அதன் பலன் என்ன என்பதற்குக் குண்டலகேசி நல்ல உதாரணம். இது பௌத்தக் காப்பியம். அதை மறுக்கவே சமணர்கள் எழுதியது நீலகேசி. நீலகேசியில் குண்டலகேசி வாதச் சருக்கம் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. மறுக்க வேண்டுமென்றால் எதிராளி சொன்னதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? எனவே நீலகேசியின் உரையில் குண்டலகேசியைப் பற்றிய செய்திகளும் பாட்டுத் துணுக்குகளும் உட்கார்ந்துவிட்டன. திருடனான கணவனை மலையிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டுத் துறவியாகும் அந்தப் பெண்ணின் கதையைத் தமிழில் நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது அவள் மதத்தை ஒழிக்க நினைத்த நூலும் அதன் உரையும். நண்பர்கள் படி எடுக்க மறந்துவிட்டார்கள், எதிரி ஞாபகம் வைத்திருந்தான்.

இதே இடத்தில் எனக்கு அவர் மேல் ஒரு குறையும் உண்டு. குண்டலகேசிப் பாட்டுகளாக முழுசாகக் கிடைப்பவை 19. அவை புறத்திரட்டு என்ற தொகைநூலிலிருந்து வந்தவை. வளையாபதிக்கு 70க்குச் சற்று மேல் கிடைக்கின்றன, அதிலும் பெரும்பங்கு புறத்திரட்டின் புண்ணியம். புறத்திரட்டைத் தொகுத்தவர் யாரோ தெரியாது, ஆனால் அவர் ரசனை தெரியும்: திருக்குறள் மாதிரி அதிகாரம் பிரித்து, நிலையாமை, கல்வி, அரசு என்று ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பாட்டை வெட்டி ஒட்டுகிறவர். அப்படிப்பட்டவர் கையில் ஒரு காப்பியம் அகப்பட்டால் எது மிஞ்சும்? பெரும்பாலும் அறிவுரை. வளையாபதியையும் குண்டலகேசியையும் படிக்கிறவர்களுக்கு இவை கதையே இல்லாத நீதிநூல்கள் போலத் தோன்றுவதற்குக் காரணம் அந்தக் கவிஞர்கள் இல்லை. சல்லடையின் ஓட்டை அப்படி. மிஞ்சியதை அக்கறையாகத் தொகுத்த வேங்கடசாமி, சல்லடையைப் பற்றி அதிகம் நின்று பேசுவதில்லை. ஒரு நூலுக்கு எத்தனை வரி கிடைத்தது என்பதோடு, எந்த மாதிரி வரி கிடைக்க வாய்ப்பு இருந்தது என்றும் கேட்டிருந்தால் புத்தகம் இன்னொரு படி மேலே போயிருக்கும்.

இன்னொரு சிக்கல்: ஒரே ஒரு உரையாசிரியர் ஒரே ஒரு தடவை சொன்ன பெயரும், நாலைந்து பேர் மேற்கோள் காட்டிய நூலும் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. முதல் வகையில் சில வேறொரு நூலின் மறுபெயராகவோ ஒரு பகுதியின் பெயராகவோ இருக்கலாம். படிக்கிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனாலும் இந்த மாதிரிப் பட்டியலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அது பொய்யாக முடியும். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் சொன்னதால் பெயர் மட்டும் தெரிந்து, தொலைந்ததாகவே கருதப்பட்ட இசைநூல் பஞ்சமரபு. 1970களில் சுவடி கிடைத்து அது அச்சில் வந்தது. பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிடலாம். அதோடு, பெயர் சொன்ன அடியார்க்குநல்லார் சும்மா அடித்துவிடவில்லை என்பதும் தெரிகிறது. தான் தவறென்று நிரூபணமாவதற்கே ஒரு இடம் விட்டு எழுதுவது எல்லாப் பொருளிலும் முடியாது.

அவருடைய மற்றப் புத்தகத் தலைப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். 'கிறிஸ்தவமும் தமிழும்' 1936. 'பௌத்தமும் தமிழும்' 1940. 'சமணமும் தமிழும்' 1954. ஒரே அச்சு, மூன்று வார்ப்பு. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சைவ வைணவ வழியாகவே தமிழ் வரலாறு சொல்லப்பட்ட காலத்தில், வாசலுக்கு வெளியே நின்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று கேட்கிறார். கேள்வி நல்லதாக இருந்தால் அதையே மூன்று தடவை கேட்கலாம், தப்பில்லை.

பிரச்சினை 'பௌத்தமும் தமிழும்' நூலின் ஒரு பகுதியில் வருகிறது. பௌத்தம் தமிழகத்திலிருந்து எப்படி மறைந்தது, அதன் கோயில்கள் என்ன ஆயின என்று சொல்லும் இடம். பௌத்தப் புலவர்கள், மணிமேகலை, வீரசோழியம் என்று ஆதாரத்தோடு நடக்கிறவர், இங்கே வேகம் எடுக்கிறார். தருமராசன் என்பது புத்தருக்கு ஒரு பெயர், ஆகவே தருமராசா கோயில்கள் பழைய புத்தர் கோயில்கள். சாத்தன் என்பதும் புத்தர் பெயர், ஆகவே ஐயனார். விநாயகனும் புத்தர் பெயர், ஆகவே பிள்ளையார் கோயில்களிலும் பல. ஒவ்வொன்றும் சில ஊர்களில் உண்மையாக இருக்கலாம். கோயில் கைமாறியதற்குச் சான்று இருக்கும் இடங்களும் உண்டு. ஆனால் பெயர் ஒற்றுமை மட்டும் போதும் என்று வைத்தால், தமிழ்நாட்டில் எந்த அரசமரத்தடியும் தப்பாது. புத்தர் பெயர்களின் பட்டியல் நீளமானது, ஏதாவது ஒன்று எங்கேயாவது பொருந்திவிடும். 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' கட்டிய வாசற்படி இங்கே இல்லை.

1970களில் அவர் எழுதிய 'களப்பிரர் ஆட்சியில் தமிழகம்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. "இருண்ட காலம்" என்று பாடப்புத்தகம் சொன்ன காலத்தை, விளக்கு இல்லாதது யார் வீட்டில் என்று கேட்டது உண்மையிலேயே துணிச்சல். வேள்விக்குடிச் செப்பேடு களப்பிரரைத் திட்டுகிறது என்றால், அது திரும்ப வந்த பாண்டியர் தரப்பின் வாக்குமூலம். ஆனால் காலியாக இருக்கும் அறையைப் பார்த்தவுடன் சாமான் கொண்டுவந்து நிரப்பும் ஆசை யாருக்கும் வரும். காலம் உறுதியாகாத நூல்கள் பலவற்றை அவர் அந்த அறைக்குள் தள்ளுகிறார். இருட்டு நீங்கியது போலத் தெரிகிறது. ஆனால் வெளிச்சம் பாதி இவரே கொண்டுவந்தது.

இன்று இவரை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். தருமராசா, ஐயனார், பிள்ளையார் பகுதி காணொளிகளாகவும் பகிர்வுகளாகவும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் "இருக்கலாம்" உதிர்ந்து "இருந்தது" ஆகிறது. பெயர் ஒற்றுமையை வைத்து ஒரு கோயில் என்று அவர் ஆரம்பித்ததைப் புதியவர்கள் நூறு கோயிலுக்கு நீட்டி, அதுதான் தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நம்புகிறார்கள். வாத்தியாரின் பலவீனமான பக்கத்தைப் படி எடுத்து, பலமான பக்கத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டோம். அந்தப் பலமான பக்கத்துக்கு ரகசியச் சுவடி எதுவும் வேண்டாம். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உரைநூல்களும் அப்படித்தான். வேண்டியது, உரையை வரிவரியாகப் படிக்கும் பொறுமையும் ஒரு நோட்டும்.

எடுத்துச் செய்ய மிச்சம் நிறைய இருக்கிறது. அவர் நூல்வகை வாரியாகப் பிரித்த பட்டியலைச் சாட்சி வாரியாகத் திருப்பி அடுக்கலாம். எந்த உரையாசிரியர் எத்தனை தொலைந்த நூல்களைத் தெரிந்து வைத்திருந்தார்? நேராகப் படித்தது போல வரி காட்டுகிறாரா, காதில் விழுந்த பெயரைச் சொல்கிறாரா? ஒரே சாட்சி உள்ள நூல்கள் எவை? யாப்பருங்கல விருத்தியில் நூற்பெயர் சொல்லாமல் வரும் உதாரணச் செய்யுள்கள் ஏராளம். அவற்றில் வேறெங்கும் வராதவை எவை என்று தேடுவது கம்ப்யூட்டருக்கு இன்று ஒரு ராத்திரி வேலை, வேங்கடசாமிக்கு ஒரு ஆயுள்.

முதல் வேலையை ஒரு எக்செல் ஷீட்டில் ஆரம்பித்திருக்கிறேன். நூற்பெயர், சாட்சி, இடம், வரி உண்டா இல்லையா என்று நாலு பத்திதான். அடியார்க்குநல்லார் பாதி முடிந்திருக்கிறது. முழுசாக முடிந்ததும் இங்கே போடுகிறேன். யாப்பருங்கல விருத்தியை யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது.