சுவரிற் பிரிந்த ஓவியம்

துணியிலும் பலகையிலும் தீட்டிய ஓவியத்தை வேண்டிய இடத்துக்குக் கொண்டு செல்லலாம். சுவரோவியமோ இடத்தோடு பிறந்து இடத்தோடு வாழ்வது. அதனைப் பெயர்த்துக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலை எதனைக் காக்கின்றது, எதனை இழக்கின்றது என்னும் வினாவுக்குப் பார்சிலோனா நகரிலுள்ள கற்றலோனிய தேசியக் கலை நூதனசாலை தக்க விடையளிக்கின்றது.

பிரனீஸ் மலைச் சிற்றூர்க் கோவில்களில் 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பெற்ற உரோமனெஸ்க் ஓவியங்களை 1907ஆம் ஆண்டில் அறிஞர் குழுவொன்று சென்று ஆராய்ந்தது. அறிஞரைத் தொடர்ந்து வணிகரும் வந்தனர். மூர் என்னுமிடத்து மரியன்னை கோவிலின் ஓவியங்கள் விலைப்பட்டுக் கடல் கடந்து, 1921ஆம் ஆண்டிற் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையைச் சேர்ந்தன. ஏனையவற்றுக்கும் அக்கதி நேராவண்ணம் பார்சிலோனா நூதனசாலைக் குழுவினர் இத்தாலிய வல்லுநரை அழைத்தனர். அவர்கள் பசையூட்டிய துணியைச் சுவரில் ஒட்டி, உலர்ந்தபின் வண்ணப்படலத்தோடு உரித்தெடுத்தனர். 1923ஆம் ஆண்டளவில் அவை நகரை அடைந்தன. எனவே இச்செயலைக் கவர்தல் என்று பழித்தல் முறையன்று.

ஓவியங்களைத் தட்டையாக விரித்து மாட்டாது, அரைவட்டக் கருவறை வடிவிலேயே சட்டங்களமைத்து அவற்றின் உட்புறத்தே பொருத்தியமை இக்காட்சியின் தலையாய சிறப்பாகும். 1123ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பெற்ற தாவுல் ஊர்ப் புனித கிளமெந்து கோவிலின் கிறிஸ்து உருவம் இதற்குச் சான்று. வளைவிற் பொருந்தியிருத்தலாலேயே அதன் நீண்ட முகமும் அகன்ற விழிகளும் காண்போரை நோக்கிக் குனிவன போலத் தோன்றுகின்றன. தட்டையாக விரிப்பின் அந்நோக்கு மறைந்துவிடும்.

ஆயினும் குறையும் உண்டு. அங்கே வழிபாடு நிகழும் பலிபீடமில்லை. சிறு சாளரத்தினூடே புகும் காலையொளியுமில்லை. பல ஊர்க் கருவறைகள் அடுத்தடுத்து நிற்றலால் காண்பவன் ஒரு நாழிகையிற் பல கோவில்களைக் கடந்துவிடுகின்றான். ஓருருவின் முன்னே தலைமுறை தலைமுறையாக நின்ற ஊராரின் அனுபவம் அவனுக்குக் கிட்டாது. நூதனசாலை ஓர் ஓவியத்தை மற்றோர் ஓவியத்தோடு ஒப்பிடக் கற்பிக்கின்றது. கோவிலோ ஒப்புமையற்ற ஒன்றைக் காட்டிற்று.

தாவுற் கோவிலில் 2013ஆம் ஆண்டு முதல் பழைய ஓவியத்தின் உருவைச் சுவர்மீது ஒளியாற் படியச் செய்து காட்டுகின்றனர். அங்கே இடம் உண்டு, பொருளில்லை; நகரிலே பொருள் உண்டு, இடமில்லை. அழிவினின்றும் காத்தமைக்கு நூதனசாலை நன்றிக்குரியது. ஆனால், அது காத்தது கலையையே அன்றி வழிபாட்டையன்று. அவ்வேறுபாட்டைக் காண்போர்க்கு உணர்த்தும்பொழுதே அதன் பணி நிறைவுறும்.