பொறுத்தால் விலை குறையுமா?

அரியலூரில் மேசைக் கணினியை இன்று வீடுகளில் தேடுவதைவிடக் கடைகளில் தேடுவதே எளிது. வீடுகளுக்குள் செல்போன் புகுந்துவிட்டது. மிஞ்சிய இடத்தை மடிக்கணினி பிடித்துக்கொண்டது. மானிட்டர், சிபியு, கீபோர்டு என்று தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் சிஸ்டம் இ-சேவை மையத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை, சிமென்ட் ஏஜென்சி, லாரி ஆபீஸ், டேலி போடுகிறவரின் அறை என்று அதன் எல்லை விரிகிறது. நாள் முழுக்க ஓட வேண்டும், கெட்டால் உள்ளூர்ப் பையனே பிரித்துப் பார்க்க முடிய வேண்டும், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியை ஊதித் துடைத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். இதற்கெல்லாம் அசெம்பிள் செட்டை மிஞ்சி ஒன்றுமில்லை.

இந்தக் கடைக்காரர்களில் யார் புது சிஸ்டம் எடுக்க நினைத்தாலும் முதலில் காதில் விழும் யோசனை ஒன்றுதான்: "இப்போ எடுக்காதீங்கண்ணே, கொஞ்சம் பொறுங்க." தீபாவளிக்கு ஆஃபர் வரும், அடுத்த பிராசஸர் வரப்போகிறது, வரியைக் குறைப்பார்களாம், ரேம் விலை இறங்கட்டும் என்று காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கணினி வாங்குவதில் பொறுத்திருப்பது ஒரு தலைமுறையாகவே நம்மிடம் வழக்கமாக ஊறிவிட்டது. அதை அறியாமை என்று தள்ள எனக்கு மனமில்லை; நல்ல காரணங்களோடு பிறந்த வழக்கம் அது. ஆனால் அந்தக் காரணங்களில் பெரும்பகுதி இப்போது செத்துவிட்டது என்பதும், அதன் செலவைக் கடைக்காரரோடு சேர்ந்து கடைக்கு வருகிறவர்களும் சுமக்கிறார்கள் என்பதும் என் முடிவு.

முதலில் அந்த நல்ல காரணங்கள். 1965-இல் கார்டன் மூர் ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகிறது என்று எழுதினார். 1975-இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். அந்தக் கணிப்பு பல பத்தாண்டுகள் பலித்தது. இந்த ஆண்டு வாங்கியவர் அடுத்த ஆண்டு வாங்கியவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது உண்மை. 1999-இல் அரிசோனா பல்கலைக்கழக வானியல் துறையைச் சேர்ந்த சிலர் இதைப் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். கணினியின் வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்றால், 26 மாதத்துக்கு மேல் ஓட வேண்டிய ஒரு பெரிய கணக்கை இன்றே தொடங்கக் கூடாது என்பது அவர்கள் கண்ட விடை. 40 மாதம் பிடிக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 11 மாதம் சும்மா இருந்துவிட்டு, அப்போது வரும் வேகமான கணினியை வாங்கித் தொடங்கினால், மொத்தமாக ஏறத்தாழ 37 மாதத்தில் முடிந்துவிடும். காத்திருத்தலுக்கு இதைவிட உறுதியான நியாயத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அதே கணக்கு மறுபக்கமும் பேசுகிறது. 26 மாதத்துக்குக் குறைவான வேலை என்றால் இன்றே தொடங்கிவிட வேண்டும். அரியலூர்க் கடையில் நடக்கும் வேலை எது? ஒரு வருமானச் சான்று விண்ணப்பம், ஒரு பட்டா நகல், டிஎன்பிஎஸ்சி கடைசி நாள் பதிவு, சரக்கு ஏற்றிய லாரிக்கு ஒரு இ-வே பில். சில நிமிட வேலைகள், நாளெல்லாம் திரும்பத் திரும்ப. வானியலாளருக்குப் பொருந்தும் பொறுமை இந்தக் கடைக்குப் பொருந்தாது.

பொறுப்பதற்கு இன்றும் செல்லுபடியாகும் ஒரு காரணம் உண்டு: முதல் ஈட்டை வாங்காமல் இருப்பது. 2011 ஜனவரியில் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்கள் வந்தன. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, அவற்றுக்கான மதர்போர்டு சிப்செட்டில் சாட்டா இணைப்புகள் நாளடைவில் பழுதாகும் என்று இன்டெலே அறிவித்து, போர்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களில் சில தேவைக்கு மேல் மின்னழுத்தம் வாங்கிக் கெட்டுப்போவதாக 2024-இல் வெளிப்பட்டபோது, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை பல விளையாட்டுகளில் முந்தைய தலைமுறையைவிடப் பின்தங்கியிருந்தது. பெருநகரத்தில் இருப்பவருக்குக் கெட்ட போர்டை மாற்றுவது ஒரு மதிய வேலை. இங்கிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை கடையை என்ன செய்வது? ஆகவே சிறு ஊர்க்காரர் புதுசுக்கு ஓடாமல் ஓராண்டு பழகிய மாடலை வாங்குவது மிகச் சரியான புத்தி. ஆனால் இது வாங்குவதைத் தள்ளிப்போடச் சொல்லும் புத்தி இல்லை. போன வருடத்து மாடல் இன்றைக்கே கடையில் இருக்கிறது.

விலை குறையும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. சில வாரங்களில் ஹார்டு டிஸ்க் விலை உலகெங்கும் ஏறத்தாழ இரட்டிப்பானது. 2016-க்கும் 2018-க்கும் இடையில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. 2017 கடைசியிலும் 2021-லும் கிரிப்டோ நாணயம் தோண்டியவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கோவிட் காலத்தில் சில்லுக்கே பஞ்சம். இப்படி ஐந்தாறு ஆண்டுக்குள் ஒருமுறையாவது விலை மேலே பாய்கிற பொருளை, எப்போதும் இறங்குகிற பொருளாக நாம் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதோடு ரூபாய் மதிப்பையும் சேர்க்க வேண்டும். 2011 தொடக்கத்தில் டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது; 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. அசெம்பிள் செட்டுக்குள் இருக்கும் முக்கியமான சாமான் எல்லாம் டாலரில் விலை பேசப்பட்டு வருவதுதான். அமெரிக்காவில் பாதியாகக் குறைந்த விலை நமக்கு வந்து சேரும்போது குறையாமலே நின்ற கதை இது.

2025-இன் கடைசி மாதங்கள் இந்த வழக்கத்துக்கு நடந்த கடுமையான சோதனை. ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று பிரதமர் அறிவித்தார். உடனே சிஸ்டம் எடுக்க இருந்தவர்கள் நிறுத்திவைத்தார்கள். நியாயம்தானே, தேதியோடு வந்த அறிவிப்பு. செப்டம்பர் 22 அன்று புது விகிதம் நடைமுறைக்கு வந்தது. ஏசியும் பெரிய டிவியும் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கின. கணினி முன்பும் 18, பின்பும் 18. மானிட்டரில் 32 அங்குலத்துக்கு மேற்பட்டதற்குத்தான் குறைப்பு. அந்த அளவு மானிட்டரை எந்த இ-சேவை மையம் வாங்கப்போகிறது? சரி, தீபாவளி ஆஃபருக்குப் பார்ப்போம் என்று மறுபடி தள்ளியவர்களைப் பிடித்தது ரேம் விலை.

அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "அடுத்த மாதம் இறங்கிடும்" என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. உலகத்தின் ரேம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் எச்பிஎம் என்ற தனி வகை நினைவகத்தைக் கேட்கின்றன. அதே கொள்ளளவுக்கு அது சாதாரண ரேமைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேஃபர் பரப்பைத் தின்கிறது, லாபமும் அதிகம். நிறுவனங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. பழைய டிடிஆர்-4 உற்பத்தியையும் குறைத்துக்கொண்டே வந்தன. சில மாதங்களில் ரேம் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. டிசம்பரில் மைக்ரான், சில்லறை வாடிக்கையாளருக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. புதுத் தொழிற்சாலை கட்டி சில்லு வெளிவர ஆண்டுகள் பிடிக்கும். 2018-இல் உச்சிக்குப் போன விலை 2019-இல் விழுந்ததுபோல இதுவும் ஒருநாள் விழும். அது எந்த நாள் என்று சொல்லும் தகுதி ரேம் விற்பவருக்கும் கிடையாது.

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயக்காரர்கள் பட்டறை போட்டு விலைக்குக் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அன்றாட மார்க்கெட் விலையைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பட்டறையில் வெங்காயம் எடை இழப்பதையும் அழுகுவதையும் கண்ணால் பார்ப்பார்கள். எந்த விலைக்குத் திறப்பது என்று மனதில் ஓர் எண் இருக்கும். பொறுத்திருப்பதன் நட்டம் இன்னது என்று தெரிந்தே பொறுக்கிறார்கள். கணினிக்குப் பொறுக்கிறவரிடம் அந்த எண்ணும் இல்லை, நட்டத்தைக் காட்டும் பட்டறையும் இல்லை. இந்த வழக்கத்தின் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான்.

நட்டத்தை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். ஒரு கடையில் நாளைக்கு 40 வேலை. பழைய சிஸ்டம் திணறுவதால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிமிடம் வீண் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் கடை திறந்தால் ஆறு மாதத்தில் 6,000 நிமிடம், அதாவது 100 மணி நேரம். ஆறு மாதம் பொறுத்ததில் விலை 3,000 ரூபாய் குறைந்தது என்றே கொள்வோம். மணிக்கு 30 ரூபாய்க்குத் தன் நேரத்தை விற்றிருக்கிறார் கடைக்காரர். இதில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் நேரம் சேரவில்லை. செந்துறையிலிருந்தோ ஆண்டிமடத்திலிருந்தோ ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்த அம்மாவுக்கு, "சிஸ்டம் ஸ்லோவா இருக்கும்மா, சாயங்காலம் வாங்க" என்ற பதிலுக்கு என்ன விலை போடுவது? எனக்கு இந்த விஷயத்தில் கோபமே வருகிறது. வாங்குபவர் சேமிக்கும் காசும் காத்திருப்பவர் இழக்கும் காசும் வேறு வேறு பைகளில் இருக்கின்றன.

அதற்காகக் கடனை வாங்கியாவது இன்றே புதுசு எடு என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் மேசைக் கணினிக்கு மடிக்கணினிக்கு இல்லாத ஒரு பெரிய வசதி உண்டு. வாங்குவதா பொறுப்பதா என்ற முடிவையே துண்டு துண்டாக எடுக்கலாம். பழைய செட்டில் இன்னும் ஹார்டு டிஸ்க் ஓடுகிறது என்றால், அதை எஸ்எஸ்டி ஆக்கினாலே மேலே சொன்ன 100 மணி நேரத்தில் பெரும்பகுதி மீண்டுவிடும், எஸ்எஸ்டி விலை ஏறியிருந்தாலும் சரி. மானிட்டர், கேபினெட், தரமான எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் நான்கும் மெதுவாகப் பழசாகிறவை. எப்போது வாங்கினாலும் வருத்தமில்லை, அடுத்த செட்டுக்கும் கூட வரும். ரேமை இன்றைய தேவைக்கு மட்டும், அதுவும் ஒரே ஸ்டிக்காக வாங்கி ஒரு இடத்தைக் காலியாக விட்டால், விலை இறங்கும் நாளில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஸ்டிக் போட்டால் கிடைக்கும் கொஞ்சம் கூடுதல் வேகம் அதுவரை கிடைக்காது. டேலிக்கும் விண்ணப்பத்துக்கும் அது உறைக்காது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும், ஸ்டுடியோவில் வீடியோ வேலை செய்பவர் தவிர, தாராளமாகப் பொறுக்கலாம்; அது இல்லாமலே கடை ஓடும்.

மதர்போர்டுதான் சிக்கல். ஏஎம்டியின் ஏஎம்-5 சாக்கெட் 2022-இல் வந்தது. 2027 வரையாவது ஆதரிப்போம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. நாளைக்கு பிராசஸரை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு அது லாபம், ஆனால் டிடிஆர்-5 ரேம்தான் போட முடியும், அதன் விலையே இன்று எட்டாதது. கையில் நல்ல டிடிஆர்-4 ரேம் இருப்பவர் ஏஎம்-4 போர்டு எடுத்து அதையே போட்டுக்கொள்வது இன்றைய நிலையில் எனக்குச் சரியாகப் படுகிறது. எதிர்காலத்துக்குப் பாதை அடைபடுகிறதே என்பார்கள். நம் ஊரில் பிராசஸரைப் பாதியில் மாற்றியவர் எத்தனை பேர்? ஓடும்வரை ஓட்டிவிட்டு, போர்டு போனதும் மொத்தமாக மாற்றுவதே நடைமுறை.

ஆனால் ஓடும்வரை ஓட்டுவதற்கும் ஓர் எல்லை வந்துவிட்டது: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட, இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் குவிந்திருக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறை செகண்ட்ஸ் பெட்டிகளின் விலைக்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸ் போடலாம், படிக்கிற பிள்ளைக்கு அது போதும், நல்லதும்கூட. ஆனால் டேலியும் கைரேகைக் கருவிகளும் பெரும்பாலும் விண்டோஸையே நம்பி இருக்கின்றன. அடுத்தவரின் ஆதார் விவரம் தினமும் ஓடுகிற சிஸ்டத்தைப் பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் ஓட்டுவதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியாது. இந்த நிலையில் இருக்கும் மையங்கள் ஒருநாளும் பொறுக்கக் கூடாதவை.

வருமான வரியில் தேய்மானம் காட்டுபவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கும் உண்டு. கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதிதான். 45,000 ரூபாய் சிஸ்டத்தை அக்டோபர் முதல் சில நாட்களுக்குள் ஓடவிட்டால் அந்த ஆண்டு 18,000 காட்டலாம், பிந்தினால் 9,000. ஆயுத பூசைக்குப் புதுசு வாங்கிப் பொட்டு வைக்கும் வழக்கம் 2025-இல் அக்டோபர் 1 அன்று வந்ததால் தப்பித்தது. 2024-இல் 11, 2023-இல் 23. அனுமான வருமானத்தில் வரி கட்டும் சிறு கடைக்கு இந்தக் கவலை இல்லை.

மாணவர்களின் பொறுத்தல் வேறு மாதிரி. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு தேதியுள்ள நம்பிக்கையாக இருந்தது. கோவிட் காலத்தில் அது நின்றது. 2025 மார்ச் பட்ஜெட்டில்தான், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாகப் புது அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்கள் வரும் வரும் என்று பொறுத்தே பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அரியலூர் அரசுக் கலைக் கல்லூரியில் இன்று கணினி அறிவியல் முதலாண்டில் சேரும் பெண்ணின் வீட்டில், "அதான் கவர்மென்ட்ல தருவாங்கல்ல" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு எட்டாம் தலைமுறை செகண்ட்ஸ் சிபியு ஒன்று, எஸ்எஸ்டியோடு, பழைய மானிட்டரோடு இந்த ஜூனிலேயே வேண்டும். நிரல் எழுதிப் பிழை பார்த்துப் பழக வேண்டியது முதல் பருவத்தில். அரசு மடிக்கணினி அவள் கைக்கு வரும்போது வரட்டும், அப்போது இந்த சிபியு தம்பிக்குப் போகும்.