சாகர் கொள்கையும் தீவு நாடுகளின் மறுமொழியும்

இந்தியப் பெருங்கடல் அண்டை நாடுகள் குறித்த இந்தியாவின் அணுகுமுறை, 2015 மார்ச்சில் மொரீசியசில் பிரதமர் நரேந்திர மோடி முன்வைத்த 'சாகர்' என்னும் கருத்தாக்கத்தால் பெயர் பெற்றது. 'வட்டாரத்தில் உள்ள அனைவருக்கும் பாதுகாப்பும் வளர்ச்சியும்' என விரியும் இச்சுருக்கப்பெயரை ஆய்வாளர் பலர் சீனாவுக்கான எதிர்வினையாகவே வாசிக்கின்றனர். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது இவ்வாசிப்புக்கு வலுச்சேர்த்தது. ஆயின், தீவு நாடுகளுக்கும் உள்நாட்டு அரசியல் உண்டு என்பதை இவ்வாசிப்பு கணக்கில் கொள்வதில்லை.

செஷல்ஸ் நாட்டின் அசம்ப்ஷன் தீவு இதற்குத் தக்க சான்று. அங்கு இந்தியா பாதுகாப்பு வசதிகளை அமைப்பதற்கான ஒப்பந்தம் திருத்தப்பட்டு 2018 ஜனவரியில் கையெழுத்தானது. அதற்குச் செஷல்ஸ் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிட்டவில்லை. இறையாண்மை பற்றிய ஐயமும், உலகப் பாரம்பரியக் களமான அல்டாப்ரா பவளத்தீவு அருகிலிருப்பது பற்றிய கவலையும் எதிர்ப்பில் முன்னின்றன. இம்மறுப்பைப் பெய்ஜிங்கின் வெற்றியாகக் காட்டுவது எளிது. செஷல்ஸ் மக்களின் குரலை அது அடியோடு விழுங்கிவிடும்.

மாலத்தீவு நிகழ்வு இன்னும் நுட்பமானது. 2014 டிசம்பரில் மாலே நகரில் குடிநீர் தட்டுப்பட்டபோது இந்தியக் கப்பல்களும் விமானங்களும் நீர் கொண்டு சென்றன. இந்தியா வழங்கிய ஹெலிகாப்டர்கள் தொலைதீவு நோயாளிகளைத் தலைநகருக்குக் கொண்டுவந்தன. அவற்றை இயக்கிய படைவீரர்களின் இருப்பே 2023 தேர்தலில் எதிர்ப்பு முழக்கமாயிற்று. 2024 மே மாதத்திற்குள் அவர்கள் இடத்தில் குடிமைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். சேவை தொடர்ந்தது, சீருடை மட்டுமே அகன்றது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் முய்சு புதுதில்லி வந்து 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டைப் பெற்றுச் சென்றார். சீனச் சார்பு, இந்தியச் சார்பு என்னும் இருமைக்குள் இந்நடத்தை அடங்காது.

ஆகவே, 'அனைவருக்கும்' என்னும் சொல்லே சாகரின் வலுவற்ற கண்ணி. புதுதில்லிக்குப் பாதுகாப்பு என்பது பெரிதும் நீர்மூழ்கிகளும் கண்காணிப்பும். பவளத்தீவுகளுக்கோ அது உயரும் கடல்மட்டமும் களவுபோகும் மீன்வளமும். 2025 மார்ச்சில் அதே மொரீசியசில் அறிவிக்கப்பட்ட 'மகாசாகர்' கொள்கையின் பரப்பைத் தென்னுலகு முழுமைக்கும் விரித்ததேயன்றி இவ்விடைவெளியை நிரப்பவில்லை. தொலைவில் நீடித்த நீலப் பொருளாதாரம் பேசப்படுகையில், அண்மையிலுள்ள பாக் நீரிணையில் இலங்கை 2017இல் தடைசெய்த இழுவைமடிகளோடு தமிழகப் படகுகள் இன்றும் செல்கின்றன; வடபகுதித் தமிழ் மீனவர்களின் வலைகள் அறுபடுகின்றன. சாகர் பற்றிய ஆய்வுகளில் இம்மீனவர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.